காதைப் பொத்தாதவனுக்குக் கலர் சோடா

மாரண்டஹள்ளியை விட்டுப் பாலக்கோடு ரோட்டில் ஒரு மைல் நடந்திருப்பேன். கையில் பாதி குடித்த கலர் சோடா. மடியில் ஒரு பற்பொடி டப்பா. இரண்டும் என் முதலாளியிடமிருந்து வந்தவை. சோடாவை ஜெயித்தேன். டப்பாவைத் திருடினேன்.

பின்னால் திருவிழாத் திடலில் மோட்டார் சைக்கிள்கள் மறுபடி உறுமத் தொடங்கின. இடது காது எனக்குச் செத்துப் போயிருந்தது. அதனால் நின்று, வலது காதை அந்தப் பக்கம் திருப்பிக் கேட்டேன். இரண்டு வண்டிகள். ஒன்று என்னோடு சேர்ந்து ஓட்டும் கூட்டாளியுடையது. மற்றது நேற்றுவரை நான் ஓட்டியது. அதில் இப்போது முதலாளி உட்கார்ந்திருந்தான். அன்று முழுக்க அவன்தான் ஓட்டியாக வேண்டும், வேறு ஆள் இல்லை. திருவிழா நாளில் எட்டு ஆட்டத்துக்குக் குறையாது. எட்டிலும் அவன் காது திறந்தே கிடக்கும். இதை நினைத்தபடி இன்னொரு மிடறு குடித்தேன். நன்றாக இருந்தது.

நான் ஓட்டியது மரணக் கிணற்றில். பலகைகளை நட்டு, இரும்பு வளையம் போட்டு இறுக்கிய வட்டக் கிணறு. தரைக்கு மேலே நிற்பது. ஆள் உயரத்துக்கு மூன்று பங்கு இருக்கும். மேலே சுற்றிலும் ஜனங்கள் நின்று எட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் அடியிலிருந்து வேகம் எடுத்துச் சுவரில் ஏறி, பலகையோடு படுத்தபடி சுற்றுவோம். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் விழுவோமா என்பதுதான் கேள்வி. நாங்கள் விழவில்லை. எங்களுக்குப் போனது வேறு.

நான் ஆறாவது வரை படித்தேன். ஏழாவதில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பித் தொப்பூருக்குப் போய்விட்டேன். அங்கே லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல்களில் தட்டுக் கழுவினேன். கணவாயில் கவிழ்ந்த லாரிகளிலிருந்து மூட்டை இறக்கினேன். பிறகு ஒரு தக்காளி வியாபாரியின் மோட்டார் சைக்கிளைத் துடைக்கும் வேலை. அதில்தான் ஓட்டக் கற்றேன். எங்கும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. சேலத்திலிருந்து ஜில்லா பிரிந்து சில வருஷம் ஆகியிருந்தபோது தர்மபுரியில் இந்தக் கிணற்றைப் பார்த்தேன். பார்த்த மறுநாளே சேர்ந்துவிட்டேன். மூன்று வருஷம் இருந்தேன். என் கணக்கில் அது நீண்ட வேலை.

எங்கள் வண்டிகளுக்குச் சைலன்சர் கிடையாது. முதலாளியே ரம்பம் வைத்து அறுத்துவிட்டான். "சத்தம்தான்டா கூட்டம்" என்பான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வண்டிகளை வெளியே பலகை மேடையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, கால் மணி நேரம் ரேஸ் பண்ண வேண்டும். அந்தச் சத்தத்துக்குச் சந்தை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். கட்டிப் போட்ட மாடுகள் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். நடுவில் முதலாளி மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கழுத்திலிருந்து காதை மூடித் தலைவரை சிவப்பு மப்ளர் சுற்றியிருப்பான். சித்திரை வெயிலிலும் அதைக் கழற்ற மாட்டான். சளி உடம்பு என்று சொல்வான். நாங்கள் அதை ஷோக்கு என்று நினைத்திருந்தோம்.

அவனுடைய பேச்சில் ஒரு பந்தயம் உண்டு. "வாங்கய்யா, வாங்க. ஆட்டம் பூரா காதைப் பொத்தாம நிக்கற ஆம்பளைக்கு ஒரு கலர் சோடா இனாம். பொம்பளைங்க பொத்திக்கலாம், கொழந்தைங்க பொத்திக்கலாம். மீசை வெச்சவன் பொத்தக் கூடாது. பதினஞ்சு வருசமா நானும் இந்தச் சத்தத்துலதான் நிக்கறேன். பொத்தினேனா, பாருங்க" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவான்.

சோடாவுக்காக அல்ல, வீம்புக்காக இளவட்டங்கள் ஏறுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். இறங்கி வரும்போது அவர்கள் முகம் ஒரு மாதிரி இருக்கும். பக்கத்தில் இருப்பவன் பேசினால் வாயைப் பார்ப்பார்கள். சோடாவைக் குடித்துவிட்டுத் தலையை ஆட்டி ஆட்டிப் போவார்கள். தண்ணீர் புகுந்த காதை உதறுகிற மாதிரி.

எனக்கு முதல் வருஷமே காதுக்குள் சிள்வண்டு கத்த ஆரம்பித்தது. முதலில் ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கத்தும். அப்புறம் படுக்கிற வரைக்கும். அப்புறம் எழுந்த பிறகும். எங்கள் சுற்று எப்போதும் இடப்பக்கமாகவே இருக்கும். பலகையில் படுத்து ஓட்டும்போது இடது காது கிணற்றின் அடியைப் பார்த்துக் கிடக்கும். அடியில் மோதி எழும்புகிற சத்தம் எல்லாம் அதற்குத்தான். அதனால் அது முதலில் மந்தமானது.

காது அடைத்தால் அழுக்கு என்றுதான் எங்களுக்குத் தெரியும். கோழி இறகை விட்டுக் குடைந்தேன். நல்லெண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சி ஊற்றினேன். சூடு தாங்கவில்லை என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றார்கள். அப்படியே நம்பிப் படுத்துக் கிடந்தேன். ஒரு மாசத்தில் சீழ் வந்தது. சீழ் வந்ததும் கெட்டது வெளியேறுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

கடைசியில் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். பேச்சில் தயவு கிடையாது. காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"எண்ணெய் ஊத்துனியா?"

"ஆமாங்க. பூண்டு போட்டுக் காய்ச்சி."

"வேற?"

"கோழி எறகு வுட்டுச் சுத்தம் பண்ணுவேங்க."

"சரி. மண்ணெண்ணெயும் தீக்குச்சியும்தான் பாக்கி."

சீழுக்கு மருந்து கொடுத்தார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனபோது இரண்டு கிளை உள்ள ஓர் இரும்புக் கவையைத் தட்டி, அதன் காம்பை என் நெற்றி நடுவில் வைத்தார். எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். வலப்பக்கம் என்றேன். கவையை மேசைமேல் வைத்தார்.

"சீழ் ஆறிடும். ஆனா அந்தக் காது வராது. உள்ள நரம்பு போச்சு. எண்ணெய் அதைக் கெடுக்கலை, சத்தம்தான் கெடுத்துச்சு. என்ன வேலை பாக்கறே?"

சொன்னேன்.

"வண்டிய விட்டு எறங்கின பின்னாலயும் காதுக்குள்ள கத்துதுன்னா, காது உன்கிட்ட கெஞ்சுதுன்னு அர்த்தம். நீ ரெண்டு வருஷமா காது குடுக்கலை. இப்ப வலது காதும் கெஞ்சுது. இதுவும் போச்சுன்னா லாரி ஆரன் கேக்காது, உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா கேக்காது."

"வேலைய வுட்டுடவாங்க?"

"விட்டா நல்லது. விட முடியலைன்னா காதை அடைச்சுக்கோ. வெறும் பஞ்சு பத்தாது. பஞ்சை மெழுகுல தோச்சு, ஓட்டைக்குச் சரியா உருட்டி வை. விரலுக்குச் சிக்கற மாதிரி வெளிய நிக்கணும், உள்ள தள்ளிடாதே. கிணத்துல மட்டும் இல்லை. ரோட்டுல வேகமாப் போறப்பவும் காத்து அடிக்கற சத்தம் ஒரு சத்தம்தான்."

கடையில் மெழுகுவர்த்தி வாங்கி உருக்கிப் பஞ்சைத் தோய்த்தேன். ஆறியதும் கல் மாதிரி ஆகி உடைந்தது. உடைந்ததை நிரப்பிக்கொண்டுதான் மறுநாள் இறங்கினேன். அன்று ஓர் ஆச்சரியம். காதை அடைத்த பிறகுதான் எனக்கு நன்றாகக் கேட்டது. அதுவரை எல்லாம் ஒரே இரைச்சலாக இருந்தது. இப்போது என் வண்டி தனியாக, கூட்டாளியின் வண்டி தனியாகக் கேட்டது. பலகை எந்த இடத்தில் தளர்ந்திருக்கிறது என்பதுகூடக் கேட்டது.

மூன்றாம் நாள் முதலாளி பார்த்துவிட்டான். நான் வண்டியில் உட்கார்ந்து ரேஸ் பண்ணிக்கொண்டிருந்தேன். எதிரே நூறு பேர் நின்றிருந்தார்கள். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே கிட்டே வந்தான். என் வலது காதில் விரலை விட்டுப் பஞ்சைப் பிடுங்கிக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினான்.

"பாத்தீங்களா, எங்க வீரனை? காதுல பஞ்சு. ஏன்டா, பொணத்துக்குத்தான்டா காதுலயும் மூக்குலயும் பஞ்சு வெப்பாங்க. உன்னைத் தூக்கிட்டுப் போக நாலு பேரு வந்துட்டாங்களா?"

கூட்டம் சிரித்தது. கூட்டாளியும் சிரித்தான். எனக்கே அந்தப் பேச்சு உறைத்தது. எங்கள் பக்கத்தில் செத்தவனுக்குத்தான் பஞ்சு வைப்பது. உயிரோடு கிணற்றில் இறங்குகிறவன் பிணத்தின் கோலத்தில் இறங்கினால் கிணறு அவனை எடுத்துக்கொள்ளும் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டது. மறுநாள் கூட்டாளி என்னோடு சேர்ந்து இறங்க மாட்டேன் என்றான். பஞ்சை எடுத்தால்தான் வருவேன் என்றான். எடுத்தேன். இடது காதில் மிச்சமிருந்ததும் அந்த வருஷத்தோடு போயிற்று.

மாரண்டஹள்ளித் திருவிழாவுக்குக் கிணற்றை நட்ட முதல் நாள், சுவரில் சுற்றிக்கொண்டிருந்தபோது கூட்டாளி எனக்குக் கீழே வருவதாக நினைத்தேன். அவன் பக்கத்திலேயே வந்துவிட்டான். அவனுடைய முன்சக்கரம் என் முழங்காலைச் சீவிக்கொண்டு போனது. இருவரும் எப்படியோ இறங்கினோம். ஜனங்கள் அது வித்தையின் பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. எல்லார் முன்னாலும்தான் சொன்னான்.

"திருவிழா முடிஞ்சதும் நீ கெளம்பு. செவிடனை வெச்சு ஓட்டினா எம்மேல கேஸ் வரும்."

"இங்க வந்துதாங்க செவிடு ஆச்சு."

"நானும் இங்கதான்டா நிக்கறேன். எனக்கு ஆச்சா? ஒடம்புல சத்து வேணும்."

அன்றைக்கு அவன் சொன்னது எனக்கு உண்மையாகவே தோன்றியது. அவன் என்னைவிடப் பத்து வயது பெரியவன். பதினைந்து வருஷமாகச் சத்தத்துக்கு நடுவே நிற்கிறவன். மெதுவாகப் பேசினாலும் அவனுக்குக் கேட்கும். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் சில்லறை கீழே விழுந்தால் கூடாரத்திலிருந்து திரும்பிப் பார்ப்பான். என் உடம்புதான் சொத்தை என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் இப்போதும் என்னைச் சுடுகிறது. காது போனதைவிட, அதற்கு நான் என்னையே குறை சொல்லிக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் ஆட்டத்துக்கு இடையில் தண்ணீர் குடிக்கக் கூடாரத்துக்குப் பின்னால் போனேன். முதலாளியின் சம்சாரம் அடுப்பருகே உட்கார்ந்து ஏதோ உருட்டிக்கொண்டிருந்தாள். டிக்கெட் கொடுப்பது அவள்தான். நான் அவளை அக்கா என்பேன். எப்போதும் கத்தித்தான் பேசுவாள். சண்டைக்காரி என்று பெயர். அவனுடைய மாற்று மப்ளர் துவைத்துக் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. கிண்ணத்தில் மெழுகு உருகியிருந்தது, தேன் வாசனை வந்தது. அவள் பஞ்சைத் தேங்காய் எண்ணெய் தொட்டு மெழுகில் தோய்த்து, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டிப் பற்பொடி டப்பாவில் வரிசையாக வைத்தாள்.

"என்னக்கா இது?"

அவள் நிமிரவில்லை. முன்னால் போய் நின்று மறுபடி கேட்டேன்.

"இதா? அவரு காதுக்குப்பா. பதினஞ்சு வருசமா நாந்தான் உருட்டிக் குடுக்கறேன். தேன் மெழுகு சித்தேரி மலையில இருந்து வரணும். இந்தப் பக்கம் கெடைக்கறதில்லை. இதுதான் கடைசிக் கட்டி." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏன், உங்களுக்குக் குடுக்கறதில்லையா? நான் டப்பா டப்பாவா உருட்டறேன், எல்லாருக்கும்னுதானே நெனச்சேன்."

நான் குனிந்து எண்ணினேன். டப்பாவில் எட்டு உருண்டை இருந்தது, ஓரத்தில் மிச்ச மெழுகுக் கட்டி.

"நீங்க வெச்சுக்கறதில்லீங்களாக்கா?" என்று கேட்டேன். டிக்கெட் மேசை வண்டிகளுக்குப் பத்தடியில் இருந்தது.

"ம்?" என்றாள். இடது கையைக் காதுக்குப் பின்னால் குவித்தாள். மறுபடி கேட்டேன். "சோறு இன்னும் ஆவலப்பா" என்றாள்.

அப்போதுதான் அவள் சண்டைக்காரி இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஓட்டிய ஆட்டங்கள் எனக்கு நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. மறுநாள் திருவிழாவின் பெரிய நாள். அந்த நாளில் முதலாளியும் ஒரு ஆட்டம் ஓட்டுவான், அவனுக்குத் தனி வண்டி. விடியற்காலையில் எழுந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்த வண்டியருகே உட்கார்ந்தேன். முன்சக்கரத்து நட்டை மூன்று சுற்றுத் தளர்த்தினேன். நான்காவது சுற்றில் நிறுத்தினேன். இரக்கம் வந்ததென்று சொன்னால் பொய். செத்தவனுக்குக் காது கேட்காமல் போனது தெரியாது. அவனுக்குத் தெரிய வேண்டும். நட்டை மறுபடி இறுக்கினேன். முன்பு இருந்ததைவிட நன்றாகவே இறுக்கினேன்.

கூட்டாளியை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். அவன் எல்லைப் பக்கத்துக் கன்னடக்காரன், பேச்சு குறைவு. "ஹௌதா?" என்றான், அப்படியா என்று. பிறகு உட்கார்ந்து கொஞ்ச நேரம் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"மப்ளரு சளிக்குன்னானே."

"சளிக்குத்தான். சளி அவனுக்கு, செவிடு நமக்கு."

அவன் சிரிக்கவில்லை. உள்ளங்கையை நீட்டினான். நான் இன்னும் டப்பாவை எடுத்திருக்கவில்லை. எடுத்ததும் தருகிறேன் என்றேன்.

முதலாளி காலையில் இரண்டு உருண்டையைக் காதுக்கு வைத்துக்கொண்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு மேடைக்குப் போனான். அவன் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். டப்பாவில் ஆறு உருண்டை இருந்தது. இரண்டைக் கூட்டாளிக்குக் கொடுத்தேன். இரண்டை நான் வைத்துக்கொண்டு, இருவரும் முடியை இழுத்துக் காதை மறைத்தோம். உருண்டை காதுக்குள் இளகி, இடுக்கெல்லாம் நிரம்பிப் பொருந்தியது. உலகம் தள்ளிப் போய் நின்றது. பதினைந்து வருஷமாக அவன் நின்றிருந்த இடம் இதுதான் என்று தெரிந்தது.

பிறகு மேடைக்குப் போய், வேலை வேண்டாம் என்று சொன்னேன்.

"என்னடா, இன்னைக்கா? பெரிய நாளுடா."

"செவிடனை வெச்சு ஓட்டினா கேஸ் வருங்க."

அவன் கெட்ட வார்த்தை சொன்னான். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சொன்னான். எனக்கு மெழுகு வழியாகக் கொஞ்சம்தான் வந்தது. மணி பத்து. திடல் நிறைந்திருந்தது. வேறு வழியில்லாமல், மேடையில் தயாராக நின்ற என் வண்டியில் அவனே ஏறினான். நான் டிக்கெட் மேசைக்குப் போய்க் கையை நீட்டினேன். அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தாள், ஆனாலும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். ஜனங்களோடு ஏணியில் ஏறி மேலே போய் விளிம்பில் நின்றேன்.

முதலாளியும் கூட்டாளியும் கிணற்றுக்குள் வந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். வழக்கம்போல முதலாளி மைக்கை வாங்கிப் பந்தயத்தைச் சொன்னான். மீசை வெச்சவன் பொத்தக் கூடாது என்றான். பதினஞ்சு வருசம் என்றான். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"முதலாளி" என்று மேலிருந்து கத்தினேன். "நாங்க பொத்தலீங்க. நீங்க மப்ளரை அவுத்துட்டு ஓட்டுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஜனங்களும் என்னைப் பார்த்தார்கள்.

"சளிப்பா" என்றான் மைக்கில்.

"இந்த வெயில்லயா?" என்று கத்தினான் என் வலப்பக்கத்தில் நின்ற ஒரு மீசைக்காரன். "அவுருங்க முதலாளி, பாப்போம். சோடாவுக்கு நீங்களும் பந்தயம்."

திருவிழாக் கூட்டத்துக்கு ஒரு வார்த்தை கிடைத்தால் போதும். "அவுரு, அவுரு" என்று பலகையைத் தட்ட ஆரம்பித்தார்கள். கிணறு முழுக்க அதிர்ந்தது. அவன் கூட்டாளியைப் பார்த்தான். கூட்டாளி தன் வண்டியின் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நேரம் ஆக ஆகத் தட்டல் பெரிதானது. கடைசியில் அவன் மப்ளரைப் பிடித்து மெதுவாக அவிழ்த்தான். தலையைக் குனிந்துகொண்டு, விரலால் காதைத் தேய்ப்பது போல உருண்டைகளை மறைக்கப் பார்த்தான். மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு வெள்ளையாகத் தெரிந்தது.

"அய்யே, காதுல பஞ்சு" என்று யாரோ கத்தினார்கள்.

"பொணத்துக்குத்தான் பஞ்சு வெப்பாங்க" என்றேன். நான் கத்த வேண்டியிருக்கவில்லை. அப்போது எல்லாரும் அமைதியாக இருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த சிரிப்பை என் மெழுகு தடுக்கவில்லை. முதலாளி இரண்டு உருண்டையையும் பிடுங்கிக் கீழே போட்டான். மேலே என்னைப் பார்த்தான். அவன் நினைத்தது எனக்குத் தெரிந்தது: டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது, இந்த ஒரு ஆட்டம்தானே. நான் மடியிலிருந்து டப்பாவை எடுத்து அவனுக்குத் தெரியும்படி ஒருமுறை காட்டி, மறுபடி செருகிக்கொண்டேன்.

கூட்டாளி வண்டியை உதைத்தான். முதல் சுற்றிலேயே அந்த இரண்டு உருண்டைகள் மேல் ஏற்றிக்கொண்டு போனான். அவன் அன்று முறுக்கியது போல எந்த நாளும் முறுக்கியதில்லை. முதலாளிக்குப் பின்னாலேயே, ஒரு முழம் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு சுற்றினான். நான் விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதலாளியின் முகம் ஒவ்வொரு சுற்றுக்கும் என் காலடியில் வந்து போனது. பல்லைக் கடித்திருந்தான். கண்ணில் தண்ணீர் வடிந்தது. காற்றினால் என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள்.

ஆட்டம் முடிந்து இறங்கினோம். கடைசிவரை காதைப் பொத்தாமல் நின்றவன் நான் ஒருவன்தான். மீசைக்காரனும் பாதியில் பொத்திவிட்டான். ஏணியடியில் என் உருண்டைகளை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, மேசைக்குப் போய்ச் சோடா கேட்டேன். அக்கா பாட்டில் வாயிலிருந்த கோலிக்குண்டை உள்ளே தட்டிக் கொடுத்தாள்.

கிணற்றுக்குள்ளிருந்து முதலாளி கூப்பிடுவது கேட்டது. "அந்த டப்பா எங்கடி?" என்று கத்தினான். அவளுக்குக் கேட்கவில்லை. என் கையில் சோடாவைக் கொடுத்துவிட்டு அடுத்த டிக்கெட்டைக் கிழித்தாள்.

அவளுக்கு இரண்டு உருண்டை வைத்துவிட்டுப் போகலாம் என்று மடியில் கை வைத்தேன். வைத்தால் அது யார் காதுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். வைக்கவில்லை. அந்த நாளில் நான் செய்ததில் இது ஒன்றுதான் எனக்குப் பிறகும் உறுத்தியது. உறுத்தியும், அந்த இடத்தில் மறுபடி நின்றால் மறுபடியும் வைக்க மாட்டேன்.

இப்படித்தான் அந்த ரோட்டுக்கு வந்தேன். சோடாவைக் குடித்து முடித்துப் பாட்டிலைப் புளியமரத்தடியில் வைத்தேன். பாலக்கோடு போய்ச் சேர்ந்தபோது சத்தம் எதுவும் கேட்கவில்லை. காதுக்குள் சிள்வண்டு மட்டும் கத்தியது. அது இனி என்னோடு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை டீக்கடையில் வேலை ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தேன். கடைத்தெருவில் ஒரு புளி வியாபாரியைக் காட்டினார்கள். முஸ்லிம் பெரியவர். கால் முறிந்து கூடியும் கூடாமல் இருந்தது. மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. ஊர் ஊராகக் கூட்டிப் போய்க் கூட்டி வர ஆள் வேண்டும் என்றார். நான் முதலில் குனிந்து சைலன்சரைப் பார்த்தேன். முழுசாக இருந்தது, ஓட்டை இல்லை. தட்டியும் பார்த்தேன்.

"சம்பளத்தைக் கேக்காம கொழாயத் தட்டறியே தம்பி."

"இது சரியா இருந்தாத்தாங்க மத்தது, பாய்."

அவர் ஏதோ சொன்னார். அவர் இடப்பக்கமாக இருந்ததால் காதில் விழவில்லை. தலையைத் திருப்பினேன். புரிந்துகொண்டார்.

"காது மந்தமா?"

"ஒண்ணு இல்லீங்க. ஒண்ணு நல்லாருக்குது."

"எனக்கு ஒண்ணு போதும். பின்னாடி உக்காந்து வலப்பக்கமாப் பேசறேன். நான் பேசற பேச்சுக்கு ரெண்டு காது எவனுக்கும் தாங்காதுன்னு வூட்டுல சொல்லுவாங்க."

அவர் காது மடலில் ஒரு துண்டுப் பஞ்சு இருந்தது. அத்தர் வாசனை வீசியது. உயிரோடு, புன்னகையோடு, காதில் பஞ்சோடு ஒரு மனிதர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல எங்கங்க போவணும்?"

"மாரண்டஹள்ளி. திருவிழா கடைசி நாளு. யாவாரிங்க எல்லாம் அங்கதான் கெடப்பாங்க."

சரி என்றேன். டப்பாவைத் திறந்து, மிச்ச மெழுகில் கொஞ்சம் கிள்ளி உருண்டைகளைச் சரி செய்து, வலது காதுக்கு நன்றாகவும் இடதுக்குப் பெயருக்காகவும் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று பாய் கேட்டார். காத்துக்குங்க என்றேன். அவரை மெதுவாகத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்தேன். திடலுக்குப் போனதும் வண்டிகள் நின்றிருக்கும் நேரமாகப் பார்த்து முதலாளியின் இடப்பக்கமாகப் போய் நிற்க வேண்டும். அக்கா சௌக்கியமா என்று மெதுவாக, நல்ல விதமாகக் கேட்க வேண்டும். அவன் கையைக் காதுக்குப் பின்னால் குவிக்கிறானா என்று பார்க்க வேண்டும்.

வண்டியை உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பியது. சத்தமே இல்லை.